சீல் இல்லாத முட்டை

சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டத்தான் என்னைப் பள்ளிக்கூடத்தில் வளர்க்கிறார்கள். அதனால் நானும் ஒரு டீச்சர் என்று எனக்கு நினைப்பு. "நெனப்புதான் பொழப்பக் கெடுக்கும்" என்று கூண்டிலிருக்கும் சேவல் அடிக்கடி சொல்லும்.

பள்ளிக்கூடத்தைப் பார்க்க அதிகாரி வந்த அன்று, முக்கிப் பார்த்தும் எனக்கு முட்டை வரவில்லை. பூங்கொடி டீச்சர் சத்துணவுக் கூடத்துக்கு ஓடிப்போய், அவிக்காத முட்டை ஒன்றைக் கொண்டுவந்து யாருக்கும் தெரியாமல் என் அடியில் வைத்தார். லாரியில் வந்த முட்டை. நீல மையில் அரசாங்க சீல் வேறு குத்தியிருந்தது.

"அடியே, அது உன்னுது இல்ல. வாய மூடிக்கிட்டு இரு" என்றது சேவல்.

நானா இருப்பேன்? ஊரே கேட்கும்படி கொக்கரித்தேன். அதிகாரி முட்டையை எடுத்து உயர்த்திக் காட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குக் கழுத்து ஒரு முழம் நீண்டுவிட்டது.

மறுநாள் நானே ஒரு முட்டை போட்டேன். சொந்த முட்டை, சூடு ஆறாத முட்டை. இரண்டாம் வகுப்பு ஆதிரை ஓடிவந்து எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"டீச்சர், இது டூப்ளிகேட்! கோழி போட்டிருந்தா சீல் இருக்குமே!"

பூங்கொடி டீச்சர் வானத்தைப் பார்த்தார். நான் டீச்சரைப் பார்த்தேன்.

"இப்பக் கொக்கரியேன்" என்றது சேவல்.