பதினொரு தண்டுகள்

தட்டில் பொரியலை வைத்துவிட்டு அவள் மேஜை ஓரமாகவே நின்றாள்.

அவர் தட்டைப் பார்த்தார். பிறகு சன்னல் வழியே தோட்டத்தைப் பார்த்தார்.

பாத்தியில் ஒன்றுகூட இல்லை.

நேற்று அவர் கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தபோது அங்கே பதினொரு தண்டுகள் இருந்தன. பச்சையாக, விரல் பருமனில், மண்ணைப் பிளந்துகொண்டு நிமிர்ந்து நின்றன. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போன வைகாசியில், கோத்தகிரி மழையில் நனைந்துகொண்டே மூன்று நாள் அவர் குழி வெட்டியதை அவள் பார்த்திருக்கிறாள். மக்கிய எருவைக் கொட்டி, சிலந்தி மாதிரி காலைப் பரப்பிய வேர்களை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கினார். ஆஸ்பராகஸ், தண்டைச் சமைத்துச் சாப்பிடுகிற இங்கிலீஷ் காய் என்றார். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

அவள் வேடசந்தூர்க்காரி. கீரை போட்டுப் பழகிய கை. தண்டு தலைகாட்டினால் கிள்ளிவிட வேண்டும். கிள்ளக் கிள்ளத்தான் தழையும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஒன்று விடாமல் அறுத்தாள்.

ஊரிலிருந்து வந்தவருக்கு ஆசையாய் இருக்கட்டும் என்று தேங்காய்ப்பூ தூவி இறக்கினாள்.

"இது மூணு வருசத்துக்கு அறுக்கக் கூடாதுங்க," என்றார் அவர். "அதுவரைக்கும் வேர் புடிக்கோணும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

அவர் மறுபடி சன்னல் பக்கம் திரும்பினார்.

ஏன் சொல்லவில்லை என்பது அவளுக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆனது.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட அன்று மகள் மேகலா அவளைத் தனியே இழுத்துப் போனாள். ஒரு வருஷம் இருந்து பாரும்மா, ஒத்து வரலைன்னா கிளம்பி வந்துடு என்றாள். தனியே என்றுதான் பேர். நாலடி தள்ளி அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயதில் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளும் அம்மாவிடம் மகள் வேறென்ன சொல்வாள்?

வருகிற சித்திரையோடு அந்த ஒரு வருஷம் முடிகிறது.

மேகலா போன வாரமும் போனில் கேட்டாள். பார்க்கலாம் என்று அவள் மழுப்பினாள்.

அவர் ஒருநாளும் கேட்டதில்லை. பத்து மாதமாகியும் அவளை நீங்க என்றுதான் கூப்பிடுகிறார். அப்படிப்பட்டவர் மூன்று வருஷம் என்று எப்படிச் சொல்வார்? இருந்துவிடு என்று கெஞ்சுவது போல ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டு குழியை மட்டும் வெட்டியிருக்கிறார், மனுஷன்.

அவள் வெறும் பாத்தியைப் பார்த்தாள்.

"செத்துப் போயிருமா?"

"சாகாதுங்க. மூணுக்குப் பதிலா நாலு வருசமாகும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்கிறபோது அவர் அவளைப் பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்தார். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். இன்னொன்று எடுத்தார்.

"உப்புதான் கொஞ்சம் கம்மிங்க."

பத்து மாதத்தில் அவள் சமையலில் அவர் சொன்ன முதல் குறை அது. அவளுக்கு என்னவோ அது பிடித்திருந்தது.

உப்பு ஜாடியை எடுக்க அவள் போகவில்லை. எதிரில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நாலாவது வருஷம் உப்பு சரியாப் போடுறேன்."

அவர் கை தட்டிலேயே நின்றது.

பிறகு தலையை நிமிர்த்தாமலே இன்னும் ஒரு கரண்டி சோறு கேட்டார்.