பங்குக்கு வந்த சைலன்சர்

என் வீட்டுக்காரர் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. அந்தக் கால்களைப் பார்த்தே ஊர்ச்சனம் சிரித்துக்கொண்டிருந்தது.

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? பதினாலு ஏக்கர் தோட்டம், இரண்டு கிணறு, குமாரபாளையத்துத் தறிப்பட்டறை என்று அத்தனையையும் அண்ணனும் தம்பியும் காலையில் ஒரு மணி நேரத்தில் பிரித்துக்கொண்டார்கள். மேட்டுக்காடும் அங்கே கட்டிய புது வீடும் எங்களுக்கு. பழைய வீடும் பட்டறையும், மாமனார் ஐம்பத்தாறில் வாங்கிய லேண்ட்மாஸ்டர் காரும் பெரியவருக்கு. ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

எல்லாம் எழுதி முடிந்த பிறகு இவர் வாயைத் திறந்தார்.

"காரு அண்ணனுக்கே இருக்கட்டுங்க. அதுல இருக்கற சைலன்சர் மட்டும் எனக்கு வேணுங்க."

நியாயம் பேச வந்திருந்த மயில்சாமி மாமா வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டார்.

"ஏனப்பா கொழந்தவேலு, அந்தக் கொழாயக் கொண்டுபோயி நீ என்ன பண்ணப் போறே?"

"அது நான் வாங்கி மாட்டுனதுங்க மாமா."

உண்மைதான். போன வருஷம் சேலம் போய் அலைந்து வாங்கிவந்து இவர்தான் மாட்டினார். பழைய கார்களாகத் தேடிச் சேர்க்கிற சேலத்து டாக்டர் ஒருவர், இந்த வயதில் இப்படி ஒரு வண்டியா என்று இரண்டு தடவை வந்து விலை கேட்டார். அந்த வண்டியின் வயிற்றைத்தான் இவர் இப்போது கிழித்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் அர்த்தநாரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் இவரோடு பேசி எட்டு மாதம் ஆகிறது. கிணற்று மோட்டாரை யார் முறைக்கு யார் போட்டது என்று ஆரம்பித்த சண்டை, தனி அடுப்பில் வந்து நின்று, இப்போது பாகப்பிரிவினை வரைக்கும் வந்துவிட்டது. நாளைக்குப் பத்திரம் பதிவு. பதிந்த பிறகு ஒருவர் பொருளில் ஒருவர் கை வைக்கக் கூடாது என்பது பேச்சு. அதனால்தான் இன்றைக்கே ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார் மனுஷன்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பெரியவர் சம்சாரம் சௌந்திரம் அக்கா கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தை மாதம் அவள் மகளுக்குக் கல்யாணம். அழைப்பார்களோ மாட்டார்களோ என்று நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிற நேரத்தில்தானா இந்தக் கூத்து?

குனிந்து சொன்னேன்.

"ஏனுங்க, உட்டுட்டு வெளிய வாங்க. ஊரே பாக்குது."

"பாத்துட்டுப் போகட்டும். இதக் கழட்டாம நான் இங்கிருந்து நகர மாட்டேன்."

முன்பக்கத்துக் கிளாம்பு சீக்கிரமே கழன்றுவிட்டது. பின்பக்கத்து போல்ட் சூட்டில் இறுகிப்போயிருந்தது. இரண்டு தடவை ஸ்பேனர் நழுவியது. மூன்றாவது தடவை விரல் கணுவில் தோல் பெயர்ந்து ரத்தம் வந்தது. சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் பிடித்தார். அப்படி ஒரு பிடிவாதத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. நிலத்துக்குக்கூட அவர் அப்படி நிற்கவில்லை.

பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்து உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது அவர் கையில் மண்ணெண்ணெய் பாட்டில் இருந்தது. தம்பியின் கைக்கு எட்டுகிற இடத்தில் அதை வைத்தார். திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். எடுத்துக்கொண்டு தொலை என்கிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

மண்ணெண்ணெயில் ஊறிய பிறகு போல்ட் அசைந்தது. சைலன்சர் தொப்பென்று மண்ணில் விழுந்தது.

முகமெல்லாம் கரியோடு வெளியே வந்தவர் அதைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு பின்னாலேயே போனேன்.

மேட்டுக்காட்டுக்கு வந்ததும் அதை மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால் வீசிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதற்காகவா என் மானத்தை வாங்கினீர்கள் என்று கேட்டேன். சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

பொழுது இறங்கியது. புது வீட்டில் முதல் சோறு. கொள்ளு ரசம் வைத்து, தட்டைப் போட்டேன். வந்து உட்கார்ந்தவர், கரண்டியை எடுத்ததும் கையால் தடுத்துவிட்டார்.

ஏழு மணி ஆயிற்று. ஏழரையும் ஆயிற்று. ரசம் ஆறிப்போனது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட குடிக்காத மனுஷன் மேற்கே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அங்கே பார்க்க என்ன இருக்கிறது? எங்களுக்கும் பழைய வீட்டுக்கும் நடுவில் கரும்பு ஆள் உயரத்துக்கு நின்றது. அந்த வீட்டு விளக்குக்கூடத் தெரியாது.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிய நேரத்தில், குமாரபாளையம் ரோட்டுப் பக்கம் டபடபவென்று ஒரு சத்தம் கிளம்பியது. நாய்கள் குரைத்தன. கொட்டாயில் கன்றுக்குட்டி மிரண்டு கயிற்றை இழுத்தது. பட்டறையைச் சாத்திவிட்டு வருகிற பெரியவர் கார், சைலன்சர் இல்லாமல் ரோட்டோடு முழங்கிக்கொண்டே வந்து, பழைய வீட்டுத் தடத்தில் திரும்பி, வாசலில் நின்று அடங்கியது.

இவர் மூச்சை விட்டார். தட்டை அருகே இழுத்துக்கொண்டார்.

"அண்ணன் ஊட்டுக்கு வந்துட்டாரு. இனிச் சோத்தப் போடு."

பேசாமல் இருந்த அந்த எட்டு மாதத்திலும், அண்ணன் வண்டி வாசலுக்கு வராமல் இவர் ஒரு ராத்திரியும் சாப்பிட்டதில்லை. இருபது வருஷமாகச் சோறு போட்ட நான் அதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.