இடது பெருவிரல்

ஞாயிற்றுக்கிழமை மதியம் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவந்த மாஜிஸ்திரேட் மங்கையர்க்கரசி, வீட்டு வராந்தாவில் நின்றபடியே ரிமாண்ட் காகிதங்களைப் புரட்டினாள். கைதியிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும் என்பது சட்டம். எப்போதும் போலீஸ்காரர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்பாள். இன்று தட்டில் மீன்குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நிற்கும்போதே கேட்டாள்.

“போலீஸ்ல யாராச்சும் அடிச்சாங்களா?”

“இல்லம்மா” என்றான் சூசையப்பன், இன்ஸ்பெக்டரின் பூட்ஸைப் பார்த்தபடி.

“இவனுக்குக் கையெழுத்து வராது மேடம், கைநாட்டுதான்” என்று இன்ஸ்பெக்டர் மைப்பெட்டியை நீட்டினார்.

ஆண்களுக்கு இடது பெருவிரல். அதனால் துண்டு சுற்றியிருந்த வலது கை வெளியே வரவே இல்லை. அவனைச் சிறைக்கு அனுப்பும் உத்தரவை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடும்போது சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாள்.

“என்ன வேலை பாக்குற?”

“போர்டு எழுதுறேம்மா. உங்க கேட்டுல தொங்குதே, அதுகூட நான் எழுதுனதுதான்.”

இன்ஸ்பெக்டர் அவன் தோளில் கை வைத்தார். அப்படியே அவனை வண்டிப் பக்கம் திருப்பினார்.

வண்டி கிளம்பிய பிறகுதான் அவள் கேட்டுக்கு ஓடினாள். நீலப் பலகையில் அவள் பேர், அதற்குக் கீழே பதவி. ஓர் எழுத்தில்கூடக் கை நடுங்கியிருக்கவில்லை. தெருமுனையில் மாடு மறித்து வண்டி நின்றிருந்தது. திரும்பி வரச் சொல்லி அவள் வலது கையைத் தூக்கினாள். முன்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்த இன்ஸ்பெக்டர், விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.