கையை அசைக்காத நீச்சல்

தீவின் கடற்கரையில் ஒரு ஆள் முழுகிக்கொண்டிருந்தார். அவர் நழுவி விழுந்த டியூப், தனக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கடலைப் பார்க்கவில்லை. விசில்காரரைத்தான் பார்த்தது.

பார்க்கத்தானே செய்யும். சிவப்பு அரைக்கால் சட்டை, கழுத்தில் விசில், முதுகில் கொட்டை எழுத்தில் ‘உயிர்காப்பாளர்’. அந்த விசிலை அவர் ஊதினால் நண்டுகூட வளைக்குத் திரும்பிவிடும் என்று படகோட்டிகள் சத்தியம் செய்வார்கள். யாருக்காவது முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் போதும், ஊதிவிடுவார். அவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கரையில் ஒரு உயிர் போனதில்லை.

அவருக்கு நீச்சல் தெரியாது.

வேலைக்கு எடுத்தபோது யாரும் கேட்கவில்லை. தீவில் பிறந்த ஆளிடம் அதைப் போய்க் கேட்பது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டார்கள். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற பழக்கம் அவருக்கும் இல்லை.

விஷயம் தெரிந்த ஒரே ஜீவன் அவர் மனைவி. பக்கத்திலேயே குடை நட்டு, லாரி டியூப் வாடகைக்கு விடுகிறவர். ஊருக்கு அவர் டியூப்காரம்மா. “கடல் சட்டுனு இறங்குது, ஒரு தென்னை மர ஆழம்” என்று எச்சரிப்பது கணவன் வேலை. டியூபை நீட்டுவது மனைவி வேலை. ஏறி உட்கார்ந்தவர்கள் காலைத் தண்ணீரில் தொங்கவிடக்கூடப் பயந்து, மடக்கி வைத்துக்கொண்டு மிதப்பார்கள்.

அன்றைக்குக் காலையிலிருந்தே விசில்காரர் கடலை விட்டுவிட்டுப் படகுத்துறையையே பார்த்துக்கொண்டிருந்தார். உயிர்காப்பாளர்களைச் சோதிக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி மத்தியானப் படகில் வருவதாகச் செய்தி. தேறாவிட்டால் அந்தச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

படகு வந்தது. பேன்ட் போட்ட ஆள் ஒருவர்கூட இறங்கவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டார். அந்த மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள் கடலில் இந்தக் கூச்சல்.

அவர் கை தன்னால் ஒரு டியூபுக்குப் போனது. டியூப்காரம்மா அதை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

“காப்பாத்தப் போறவரே டியூபோட போனா, நாளைக்கு யாரு நம்மள மதிப்பா? சும்மா போங்க.”

இத்தனை வருஷக் குடித்தனத்தில் எந்த இடத்தில் பிசகினோம் என்று யோசித்தபடியே விசில்காரர் கடலில் இறங்கினார்.

முழங்கால் நனைந்ததும், பழக்கதோஷம், கை விசிலுக்குப் போய்த் தன்னையே ஒருமுறை ஊதிக்கொண்டார். அந்த விசிலுக்கு அடங்காமல் போன முதல் ஆள் அவர்தான்.

இடுப்பு. வயிறு. நெஞ்சு.

அடுத்த அடியில் பூமி முடிந்துவிடும் என்று ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடினார். பூமி முடிகிற மாதிரித் தெரியவில்லை. நெஞ்சுக்கு வந்த தண்ணீர் நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

கரையில் இருந்தவர்களுக்கு, அலைக்கு மேலே ஒரு தலை மட்டும் நேராகப் போவது தெரிந்தது.

“கையையே அசைக்காம நீந்துறாரு பாரு மச்சான்” என்றது ஒரு குரல்.

முழுகிக்கொண்டிருந்தவர், கைக்கு எட்டிய கழுத்தைக் கட்டிக்கொண்டார். நல்ல உயரமான ஆள். இரண்டு காலும் பின்னால் மிதந்துகொண்டிருந்தன.

“காலைக் கீழ வைங்க.”

“ஐயோ, ஆழம்.”

“நான் நின்னுக்கிட்டுத்தான் சார் பேசறேன்.”

அவர் கூச்சலை நிறுத்தினார். ஒரு காலை வைத்துப் பார்த்தார். மறுகாலையும் வைத்தார். நிமிரப்போனவரை விசில்காரர் தோளைப் பிடித்து அமுக்கினார்.

“கொஞ்சம் குனிஞ்சே வாங்க. எல்லாரும் பாக்கிறாங்க.”

அவர் கரையைப் பார்த்தார். பிறகு, சொன்னதற்கு மேலேயே குனிந்துகொண்டார். இரண்டு தலைகளும் கரைக்குத் திரும்பின.

“மத்தியானப் படகுல ஒரு அதிகாரி வருவாருன்னு சொல்லியிருப்பாங்களே” என்றது உயரமான தலை.

“சொன்னாங்க சார். வரலை.”

“காலைப் படகுலயே வந்துட்டேன்.”

விசில்காரர் ஒரு மடக்கு உப்புத்தண்ணீர் குடித்தார், நின்றபடியே.

முழுகுகிற மாதிரி நடிப்பதுதான் சோதனையாம். டியூபில் மிதந்து போய் நடுவில் நழுவி விழுவாராம். எல்லாக் கடற்கரையிலும் அப்படித்தானாம். தத்ரூபமாக நடிக்கிறார் என்று அலுவலகத்தில் அவருக்கு நல்ல பேர்.

“சாருக்கு நீச்சல்...?”

“உங்களுக்கு?”

ஒரு அலை வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் எம்பினார்கள்.

“இங்க நல்ல ஆழம்” என்றார் அதிகாரி கடைசியில்.

“ஒரு தென்னை மரம் இருக்கும் சார்.”

தண்ணீர் குறையக் குறைய இன்னும் குனிந்தார்கள். பிறகு மண்டி போட்டார்கள். கடைசியில் தவழ்ந்தே கரையேறினார்கள். பாவம், என்ன களைப்பு என்று கூட்டம் உச்சுக்கொட்டியது.

கூட்டம் நெருங்குவதற்குள் டியூப்காரம்மா வாளியோடு ஓடிவந்து, கணவனின் காய்ந்த தலையில் கடல்நீரை ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்தார். பிறகு, துண்டை எடுத்து அதே தலையைத் துவட்ட ஆரம்பித்தார்.

குடையடியில் டியூபுக்கு நீள வரிசை சேர்ந்துவிட்டது.

“உங்களுக்கு நெஞ்சு வரைக்கும் வந்திருக்கும்” என்றார் டியூப்காரம்மா, காதோடு காதாக. “நான் இறங்கிப் பாத்தப்ப எனக்குக் கழுத்து.”