பதினைந்து ஆம்ப் பிரேக்கர்

"அஞ்சு ஆம்ப் பிரேக்கரையே போட்டுடு, யார்லே. உனக்குப் புண்ணியமாப் போகும்."

எலக்ட்ரீஷியன் யார்லே தும்மினான். ஒரு மாதமாக விடாத ஜலதோஷம். படகின் சுவிட்ச் பலகைக்குள் தலையை விட்டிருந்ததால் தும்மல் கப்பல் சங்கு மாதிரிக் கேட்டது. எதிர்க்கரையில் ஒரு கப்பல் மரியாதைக்குப் பதில் சங்கு ஊதியது.

"புது ஹீட்டர் மூட்டும்போது பத்து ஆம்ப் இழுக்கும், ஆஸ்முண்ட். அஞ்சு போட்டா உடனே ட்ரிப் ஆயிடும்."

"ஆகட்டும்."

"அப்புறம் ஹீட்டர் எதுக்கு? வெறைச்சுப் போயிடுவே."

அந்த ஆண்டு அந்த நார்வே ஊரில் குளிர் கொஞ்சம் அதிகம்தான். கடற்காகங்கள் துறைமுக அலுவலகத்துக்குள் வந்து உட்கார்ந்தன. கடைசியாக வந்தது கதவைச் சாத்திவிட்டு வந்தது.

ஆஸ்முண்ட் ஜன்னல் வழியே மேட்டைப் பார்த்தான். மூன்று மணிக்கே இருட்டியிருந்தது. மேட்டு வீட்டின் சமையலறையில் விளக்கு எரிந்தது. அது அவன் வீடு. இலையுதிர் காலத்தில் அவன் மனைவி குன்வோர், "படகா, நானா?" என்று கேட்டாள். "யோசிச்சுச் சொல்றேன்" என்றான். அன்றிலிருந்து படகில் இருக்கிறான்.

"போன மாசம் பழைய ஹீட்டர் செத்துப்போச்சு இல்ல? அன்னிக்கு மேல போய்க் கதவைத் தட்டினேன். ரொம்ப நேரம் கழிச்சுத்தான் திறந்தா. ஆனா திறந்தா. சமையலறை பெஞ்சுல படுத்துக்கோன்னா. காலையில காப்பி ஊத்தினா. ஒரு வார்த்தை பேசல. ஆனா ஊத்தினா, யார்லே!"

"சரி."

"சும்மா போய் நின்னா மூஞ்சியிலயே சாத்தறா. ஹீட்டர் நின்னாதான் திறப்பா. ரெண்டு மூணு தடவை பெஞ்சுல படுத்தா மனசு மாறாதா? எனக்கு வேற வழி தெரியலப்பா."

யார்லே மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"பிரேக்கருக்குன்னு ஒரு கணக்கு இருக்கு. சாமான் இழுக்கறதைவிடப் பெரிசா இருக்கணும். ஒயர் தாங்கறதைவிடச் சின்னதா இருக்கணும். இந்த ஒயர் இருபது தாங்கும். அதனால பதினஞ்சு. தப்பா மாட்டினா எனக்குத் தூக்கம் வராது."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"தொழில்னா தொழில்."

பதினைந்தை மாட்டினான். ஆஸ்முண்ட் கேட்காத ஃப்ரிட்ஜுக்கும் டிவிக்கும் தனித்தனி ஒயர் இழுத்து, தனித்தனி பிரேக்கர் போட்டான். கூலி வேண்டாம் என்றுவிட்டான்.

ஹீட்டர் உறுமியது. படகு கதகதப்பானது. ஆஸ்முண்டுக்கு நடுங்கக்கூட வழியில்லாமல் போயிற்று.

"எப்பவாவது நிக்குமா?" என்று கடைசியாகக் கேட்டான்.

"நிக்கவே நிக்காது."

"ரொம்ப நல்லவன்யா நீ" என்றான் ஆஸ்முண்ட், சாவு வீட்டில் பேசுகிற குரலில். பிறகு மேட்டு விளக்கைப் பார்க்காமலிருக்க ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

யார்லே கருவிப் பெட்டியோடு பனியில் மேடேறினான். கதவைத் தட்டாமலே மேட்டு வீட்டுக்குள் நுழைந்தான்.

குன்வோர் காப்பி ஊற்றினாள். "நிக்காம ஓடுமா?"

"குளிர்காலம் முழுக்க ஓடும்" என்றவன் இன்னொரு தடவை தும்மினான். "போன தடவை மாதிரி ராத்திரி பூரா உன் பரண்ல வெறைச்சுக் கெடக்க என்னால ஆகாது."