அப்பா திருத்திய படம்

ஓவியர் வரைந்த என் படத்தைப் பார்த்து அப்பா முகம் சுளித்தார்.

"என்னய்யா, கல்யாணப் பொண்ணு மாதிரி நெளியுறான்? ஆம்பளையா வரைங்க. இல்லாட்டி படத்துக்கும் இவனுக்கும் என் வீட்டுல இடம் கிடையாது!"

ஓவியர் தன் எதிரே ஒரு கண்ணாடியை நிறுத்திக்கொண்டு, படத்தில் எனக்கு முறுக்கு மீசை வைத்தார்.

"தோளை அகலமாக்குங்க. பார்வையில திமிர் வேணும்" என்றார், தோளே இல்லாத அப்பா.

பத்தாவது திருத்தத்தில், படத்தில் என்னுடையதென்று சட்டை மட்டுமே மிஞ்சியது. அப்பா பூரித்தார்.

"இதான்டா ஆம்பளை! இப்படி ஒருத்தன்தான் இந்த வீட்டுக்கு வேணும். புரியுதா?"

"புரியுதுப்பா. மூணு வருஷமா நானும் இதைச் சொல்லத்தான் பயந்துட்டிருந்தேன்" என்றபடி ஓவியரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா படத்தைப் பார்த்தார். ஓவியரைப் பார்த்தார். அதே மீசை, அதே தோள், அதே திமிர்.