சகலை வாங்காத சிலிண்டர்

"எங்க சகலை சென்னியப்பன் எதை வாங்கறாருங்க?"

கேட்ட பிறகுதான் கேட்டிருக்க வேண்டாம் என்று அவனுக்குத் தோன்றியது.

கேஸ் கடைக்காரர் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. ஓரமாக நின்ற சிலிண்டரைத் தட்டினார்.

"வெறும் சி.ஓ.டூ.தானுங்க. கொஞ்சம் பொறி தெறிக்கும், தேச்சு விட்டாப் போவுது. ஞாயித்துக்கெழம வெல்டருங்களுக்கு இதே தாராளமுங்க. ஆர்கான் கலந்தது எதுக்குங்க, வெலைதான் சாஸ்தி."

உருகும் இரும்பை வெளிக்காற்றுப் படாமல் மூடிக்கொள்ள ஒரு வாயு வேண்டும். அதற்கு மலிவானதே போதும். வெல்டிங் மெஷின் வாங்கியதிலிருந்து அவனும் அதைத்தான் வாங்கிவந்தான்.

ஆனால் அவன் போட்ட வெல்டு முழுக்கப் பொத்தல். சகலை போட்டது அப்படியா இருக்கிறது?

சகலை வீட்டில் ஓர் ஊஞ்சல் ஸ்டாண்டு. அவரே செய்தது. அவன் மனைவி பூங்கொடி, தன் அக்காவைப் பார்க்க அங்கே போகும்போதெல்லாம் அதில் ஆடிவிட்டுத்தான் வருவாள். ஒட்டுப் போட்ட இடத்தை விரலால் தடவுவாள்.

"மாமா கைவேலையப் பாருங்க. எறும்பு சாரை போறாப்புல."

கட்டிய புருஷனிடமே சொல்வாள்.

அவனுக்கு வயிறு எரிந்தது. மறைத்து என்ன ஆகப் போகிறது, எரிந்தது.

அவர் மலிவு சரக்கிலேயே அப்படிப் போடுகிறார் என்றால், தான் உசத்தி சரக்கில் போட்டுக் காட்ட வேண்டும்.

"கலந்ததே குடுங்க," என்றான்.

ஞாயிறு மத்தியானம். கார் ஷெட்டில் தகரம் கொதித்தது. பூங்கொடிக்குத் துணி காயப்போடும் ஸ்டாண்டு. முகமூடியை இறக்கி, வெல்டிங் டார்ச்சை அழுத்தினான்.

பொத்தல்.

கேஸை இன்னும் திறந்துவிட்டான்.

மறுபடியும் பொத்தல். ரவாதோசை தோற்றது.

அக்கா கொடுத்தனுப்பிய முருங்கைக்காய்க் கட்டோடு அப்போதுதான் சென்னியப்பன் வந்து நின்றார். வேறு நாளே கிடைக்கவில்லை மனிதருக்கு.

இரும்பைப் பார்த்தார். புது சிலிண்டரைப் பார்த்தார். பிறகு அவன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். நேரே போய் ஸ்டாண்டு ஃபேனை நிறுத்தினார்.

"கேஸ எல்லாம் ஃபேன் ஊதித் தள்ளிருது சகலை. எத்தன உசத்தியா வாங்குனாலும் இதான் கதி. இப்பப் போடுங்க."

போட்டான்.

முகமூடியைத் தூக்கினான். எறும்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"ஃபேன யாரு வெச்சது?"

"அவதான். எனக்கு வேர்க்குதுன்னு வாராவாரம் தூக்கிட்டு வந்து வெச்சிருவா."

சென்னியப்பன் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"எங்கூட்டுக்காரி, நான் ஷெட்டுக்குள்ள போனா, பொக வருதுன்னு கதவச் சாத்திருவா."

அவர் முகத்தில் அப்போது ஓடியது என்னவென்று அவனுக்கு நன்றாகத் தெரியும். சவரம் செய்யும்போது தினமும் பார்க்கிற முகம்தான்.

அதைக் கொஞ்ச நேரம் நின்று அனுபவிக்கக்கூட விடாமல் பூங்கொடி மோரோடு வந்துவிட்டாள்.

குனிந்தாள். விரலைக் கொண்டுபோய், சூடு தாங்காமல் இழுத்துக்கொண்டாள். முகம் மலர்ந்துவிட்டது. இந்த முகத்துக்காகத்தான் விலையைப் பார்க்காமல் அவன் சிலிண்டர் சுமந்து வந்தான்.

"மாமா போட்டுக் குடுத்தீங்களா?"

நான்தான் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால், இத்தனை நாள் வெல்டு ஏன் இப்படி வரவில்லை என்று கேட்பாள். அவள் வைத்த ஃபேனைச் சொல்லாமல் தப்ப முடியாது. அதற்குள்ளேயே அவள் கை ஃபேன் சுவிட்சுக்குப் போயிருந்தது.

"ஆமா. மாமாதான்," என்றான்.

"நெனச்சேன்."



சென்னியப்பன் வாயைத் திறந்தார். அவன் அவசரமாக மோர் டம்ளரை எடுத்து அவர் கையில் திணித்தான்.

"யாரு இத நிறுத்துனது? இந்தப் புழுக்கத்துல!"

ஃபேனைப் போட்டாள். அதன் தலையைப் பிடித்து, காற்று அவன் முதுகில் படுகிற மாதிரி திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

சென்னியப்பன் மோரைக் குடிக்கவில்லை. நெற்றியிலிருந்து வேர்வை வழிய, அவள் போன வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.